எந்த ஊரில் கூடுவது

பெர்மாகல்ச்சர் பயிலரங்கு நடத்த முன்வருகிறவர்கள் முதலில் தேடுவது இடத்தை. நாற்பது பேர் தங்க வேண்டும், குடிநீர் வேண்டும், பேருந்து நிறுத்தம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், மழை வந்தால் ஒதுங்கக் கூரையுள்ள கூடம் வேண்டும். இவை கிடைத்ததும் இடம் முடிவாகிவிட்டது என்று எண்ணிப் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நிலத்தைப் பற்றிய கல்வியில், எந்த நிலத்தில் உட்கார்ந்து பேசுகிறோம் என்பதே பாடத்தின் பெரும்பகுதி. அந்த நிலம் யாருடையது, அதன் வாசலை யார் தாண்டலாம், அங்கே மண்வெட்டி பிடிப்பவர் யார், தண்ணீர் எவர் கிணற்றை வற்றவைத்து வருகிறது என்பதெல்லாம் இடத்தைத் தேர்ந்தெடுத்த அன்றே முடிவாகிவிடுகின்றன. பிறகு கரும்பலகையில் எதை எழுதினாலும் அந்த முடிவுகள் மாறுவதில்லை.

பெர்மாகல்ச்சர் என்ற சிந்தனையைப் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978-ல் ஆஸ்திரேலியாவில் வெளியிட்ட நூலின் வழியே உலகம் அறிந்தது. காடு தன்னைத் தானே நடத்திக்கொள்வதுபோல, மனிதருக்கு உணவு தரும் நிலத்தையும் பல்லாண்டுப் பயிர்களாலும் நீர்ச்சேமிப்பாலும் வடிவமைக்க முடியும் என்பது அதன் அடிப்படை. மண்ணைப் பேணுதல், மனிதரைப் பேணுதல், மிகுவதைப் பகிர்தல் என்று மூன்று அறங்களை அவர்கள் முன்வைத்தார்கள். எழுபத்திரண்டு மணி நேர வடிவமைப்புப் பயிற்சி உலகெங்கும் ஒரே மாதிரியாகப் பரவியது. சூழல் கிராமம் என்ற கருத்து சற்றுப் பிந்தியது. 1991-ல் ராபர்ட் கில்மன் அதற்கு ஒரு வரையறை எழுதினார்: மனித அளவிலான, வாழ்க்கையின் எல்லாத் தேவைகளும் உள்ளடங்கிய, இயற்கைக்குத் தீங்கு செய்யாத, காலவரையின்றித் தொடரக்கூடிய குடியிருப்பு. 1995-ல் ஸ்காட்லாந்தின் ஃபிண்ட்ஹார்னில் கூடிய மாநாட்டை ஒட்டி அதற்கொரு உலக வலையமைப்பும் உருவானது.

இந்த இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கும் பயிலரங்குகளுக்கு இப்போது தமிழ்நாட்டில் ஆர்வம் கூடியிருக்கிறது. நகரத்து வேலையை விட்டு நிலம் வாங்கியவர்கள், வாங்க நினைப்பவர்கள், கட்டடக் கலை படிக்கும் மாணவர்கள், பிள்ளைகளை வேறு விதமாக வளர்க்க விரும்பும் பெற்றோர் எனப் பலரும் வருகிறார்கள். அவர்களுடைய ஆர்வம் உண்மையானது. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அவர்களுக்காகத் தேர்ந்தெடுக்கப்படும் இடம் அடிக்கடி ஒரே சாயலில் அமைகிறது. முள்கம்பி வேலி போட்ட தனியார் பண்ணை. உள்ளே ஆழ்துளைக் கிணறு, சொட்டுநீர்க் குழாய்கள், மண் பூசிய விருந்தினர் குடில்கள். வேலிக்கு வெளியே இருக்கும் ஊரின் பெயர் அழைப்பிதழில் முகவரியாக மட்டும் வருகிறது. அந்த ஊரிலிருந்து இரண்டு மூன்று பெண்கள் சமையலுக்கும் பாத்திரம் கழுவவும் உள்ளே வருகிறார்கள். பாடம் நடக்கும்போது அவர்கள் அடுப்படியில் இருக்கிறார்கள். மண்ணைப் பேணுவது பற்றிப் பேசும் கூடத்துக்கு, அந்த மண்ணில் ஆயுள் முழுவதும் நாற்று நட்டவர் கேட்கவும் வருவதில்லை, சொல்லவும் வருவதில்லை.

வெளியிலிருந்து வருவோரின் கட்டணத்தில் நிற்கும் கல்விக்கு ஃபிண்ட்ஹார்னே ஒரு பாடம். 1962-ல் ஒரு கேரவன் பூங்காவில் மூன்று பெரியவர்களும் ஒரு குடும்பத்தின் பிள்ளைகளும் காய்கறித் தோட்டம் போட்டுத் தொடங்கிய இடம் அது. அடுத்த பல பத்தாண்டுகளில் உலகெங்குமிருந்து ஆட்கள் வந்து பயிலும் பெரிய நிலையமாக வளர்ந்தது. பெருந்தொற்றின்போது ஆட்கள் வருவது நின்றது. 2021 ஏப்ரலில் சமூகக் கூடமும் தியானக் கூடமும் தீயில் அழிந்தன. 2023-ல் அந்த அறக்கட்டளை பணநெருக்கடியால் தன் பயிற்சி வகுப்புகளை நிறுத்துவதாக அறிவித்தது. அங்கே வாழும் மக்கள் இன்றும் வாழ்கிறார்கள், தோட்டங்களும் வீடுகளும் இருக்கின்றன. நின்றுபோனது, விருந்தினர் வருகையை நம்பி நடந்த கல்வி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அங்கிருந்து உலகம் பெற்றது நிறைய. ஆனால் தன் காலில் நிற்பதைக் கற்பிக்கும் ஒரு பயிலரங்கு, விமானத்தில் வருகிறவர்கள் வராவிட்டால் நடக்காது என்றால், திட்டமிடும்போதே அதை யோசித்திருக்க வேண்டும்.

வேறொரு வழியும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மாலிசன் 1987-ல் இந்தியா வந்து பயிற்சி நடத்தினார். அந்தச் சிந்தனை வேர் பிடித்த இடங்களில் முக்கியமானது தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதி. 1983-ல் தொடங்கப்பட்ட தக்காண வளர்ச்சிக் கழகம் அங்கே ஊர்தோறும் பெண்களின் சங்கங்களைக் கட்டியிருந்தது. உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் தலித் பெண்கள், துண்டு நிலமும் கல் நிலமும் உடையவர்கள். சோளம், தினை, துவரை, எள் என ஒரே வயலில் பல பயிர்களைக் கலந்து விதைக்கும் பழக்கத்தை அவர்கள் கைவிடவில்லை. விதைகளை மண் பூசிய கூடைகளில் காத்தார்கள், ஊருக்குள்ளேயே தானிய நிதி வைத்துப் பகிர்ந்துகொண்டார்கள், 2008-ல் தங்களுக்கென ஒரு சமூக வானொலியையும் தொடங்கினார்கள். அங்கே பணியாற்றிய நர்சன்னா கொப்புலா பிறகு அரண்யா என்ற அமைப்பைத் தொடங்கினார். 2017-ல் பன்னாட்டு பெர்மாகல்ச்சர் மாநாடு ஐதராபாத்தில் கூடியதற்குப் பின்னால் அந்த நீண்ட உழைப்பு இருந்தது. அங்கே கல்வி வெளியிலிருந்து நிலத்துக்குக் கொண்டுவரப்படவில்லை. நிலத்தோடு ஏற்கெனவே போராடிக்கொண்டிருந்தவர்களின் கையில் அது சேர்ந்தது.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு பயிலரங்குக்கு இடம் தேடச் சொன்னால் நான் புதுக்கோட்டை மாவட்டத்தின் மானாவாரி ஊர்களைச் சொல்வேன். குளிர்ச்சியான மலையடிவாரமும் ஆற்றங்கரையும் கண்ணுக்கு இனியவை. ஆனால் நீர் நிறைந்த இடத்தில் நீரைப் பற்றிக் கற்க முடியாது. புதுக்கோட்டையின் செம்மண்ணும் செம்புறை மண்ணும் மழையை நம்பியவை. அந்த மழையின் பெரும்பகுதி சில மாதங்களில், அதிலும் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அதைப் பிடித்துவைக்க முன்னோர் சங்கிலியாகக் கண்மாய்களையும் ஏந்தல்களையும் வெட்டினார்கள். மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் அடுத்த ஊருக்குத் தண்ணீர். கோயில் காடுகள் இன்னும் மிஞ்சியிருக்கும் மாவட்டமும் இதுதான். இந்த மண்ணுக்கு உரிய மரங்கள் எவை என்று அறிய அவற்றைவிட நல்ல நூலகம் கிடையாது. ஒடுகம்பட்டியில் ‘குடும்பம்’ என்ற அமைப்பின் கொழிஞ்சிப் பண்ணை வறண்ட நிலத்தை மீட்டுக் காட்டியிருக்கிறது. பக்கத்துக் கரூர் மாவட்டத்தின் கடவூரில், இயற்கை வேளாண்மை முன்னோடி நம்மாழ்வார் தன் கடைசி ஆண்டுகளில் உருவாக்கிய வானகம் பண்ணையும் கல்லும் முள்ளுமான நிலத்திலிருந்து எழுந்ததே.

இங்கே கூடினால் எழும் முதல் பெரிய கேள்வியை வேலி போட்ட பண்ணையில் ஒருபோதும் சந்திக்க முடியாது. மழை விழும் இடத்திலேயே அதைத் தடுத்து நிறுத்து என்பது பெர்மாகல்ச்சரின் அடிப்படைப் பாடம். அதற்காகச் சம உயரக் கோட்டில் அகழி வெட்டி, கரையில் மரம் வைக்கிறோம். ஏ வடிவச் சட்டத்தில் நூல்குண்டு கட்டி அந்தக் கோட்டைக் கண்டுபிடிப்பது, பயிலரங்குகளில் எல்லோரும் விரும்பிச் செய்யும் வேலை. தனிப் பண்ணையில் இது முழு நன்மையாகத் தோன்றும். ஆனால் அந்தச் சரிவு ஒரு கண்மாயின் நீர்ப்பிடிப்பாக இருந்தால்? நான் வெட்டும் ஒவ்வொரு அகழியும் கீழே இருக்கும் குளத்துக்கு வரும் நீரை அந்த அளவுக்குக் குறைக்கிறது. புதுக்கோட்டை விவசாயிகள் இதை வேறு வடிவில் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள்: தைல மரக் காடுகளில் போட்ட வரப்புகளும் பள்ளங்களும் மழைநீரை அங்கேயே நிறுத்திவிடுகின்றன, கண்மாய்க்கு வரத்து இல்லை என்று. தைல மரத்துக்காக வெட்டினாலும் பழத்தோட்டத்துக்காக வெட்டினாலும் அகழி அகழிதான். என் நிலத்தில் விழுந்த மழை முழுவதும் எனக்கே உரியதா, அதில் கீழ் ஊருக்குப் பங்கு உண்டா என்பதை ஒரு கண்மாய்க் கரையில் நின்று, அந்த ஆயக்கட்டுக்காரர்களோடு பேசித்தான் கற்க முடியும். நிலத்தடிக்கு இறங்கும் நீர் கிணறுகளுக்குத் திரும்பும் என்பார்கள், அதுவும் உண்மை. எந்தக் கிணற்றுக்கு, எத்தனை நாளில், யாருடைய கிணற்றுக்கு என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அதைச் சொல்லித்தர வேண்டியவர் வெளியூர்ப் பயிற்றுநர் அல்லர். பல ஊர்களில் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று அழைக்கப்பட்டவர்கள் மடையைத் திறக்கவும் அடைக்கவும், எந்த வயலுக்கு எவ்வளவு என்று பங்கிடவும் பொறுப்பானவர்களாக இருந்தார்கள். பல இடங்களில் அந்தப் பொறுப்பு தலித்துகளிடம் இருந்தது. பஞ்ச காலத்தில் கடைசிச் சொட்டுவரை நியாயமாகப் பங்கிடும் திறன் தெரிந்தவர், அந்த நீர் பாயும் நிலத்தில் பங்கில்லாதவராகவே இருந்தார். கண்மாய்ப் பாசனம் குன்றி ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபோது அந்த வேலையும் பல ஊர்களில் ஒழிந்தது. இன்னும் நினைவோடு இருக்கும் முதியவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களில் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு நாள் முழுவதும் கண்மாயைச் சுற்றி நடக்கச் செய்து, அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். வெளியூர்ப் பயிற்றுநருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தை, அதே கூடத்தில், அதே நாற்காலியில் உட்காரவைத்து அவருக்கும் கொடுக்க வேண்டும். இது மரியாதைக்காக மட்டும் அல்ல. அந்த அறிவுக்கு வேறு மூலம் இல்லை.

காலமும் இடத்தோடு சேர்ந்ததே. ஆடியில் விதைப்பு, ஐப்பசியில் மழை, தையில் அறுவடை. இந்த மாதங்களில் பயிலரங்கு வைத்தால் உழவர் வரமாட்டார், வரக்கூடாது. எழுபத்திரண்டு மணி நேரத்தையும் தொடர்ச்சியாக இரண்டு வாரத்தில் முடிப்பது ஊதியத்தோடு விடுப்பு எடுக்கக்கூடியவர்களுக்கு வசதி. மாடு கறக்க வேண்டிய பெண்ணுக்கு அது முடியாது. இரண்டாகப் பிரிக்கலாம் என்பது என் யோசனை. வைகாசியில் ஒரு பாதி: கண்மாய் வறண்டு கிடக்கும், உள்ளே இறங்கி நடந்தால் வண்டல் எவ்வளவு, மடை எங்கே தூர்ந்திருக்கிறது, வரத்துக் கால்வாயில் யார் வீடு கட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். மறுபாதி மார்கழியில்: மழை முடிந்திருக்கும், அறுவடை தொடங்கியிருக்காது, வைகாசியில் வெட்டியது மழையைத் தாங்கியதா, உடைந்ததா என்று பார்க்கலாம். ஹோம்கிரன் தன் வடிவமைப்புக் கொள்கைகளில் முதலில் வைத்தது கவனித்தல். இரண்டு பருவங்களையாவது பார்க்காமல் கவனித்தோம் என்று சொல்ல வழியில்லை.

வகுப்பு நேரம் காலை பத்திலிருந்து மூன்று வரை இருந்தால் உள்ளூர்ப் பெண்கள் வேலையை முடித்துவிட்டு வர முடியும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து வருகிறவருக்கு அந்தக் கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும். பாடம் தமிழில் நடக்க வேண்டும். வெளிமாநிலத்தவர் வந்தால் அவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்க்கட்டும். கட்டணம் நகரத்தவரிடம் முழுதாக வாங்கலாம். மிகுவதைப் பகிர்வது மூன்றாவது அறம் என்று கற்பிக்கிறவர்கள் தங்கள் வரவு செலவுக் கணக்கிலிருந்தே அதைத் தொடங்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கையும் பங்கேற்பாளர்களே முதல் நாளில் போடட்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஒரே நாளில் அந்த ஏக்கரில் இரண்டு லட்சம் லிட்டர் விழுகிறது. நாற்பது பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர், பத்து நாள் என்றால் 20,000 லிட்டர். கணக்கு எளிது. ஆனால் வைகாசியில் அந்த ஊரின் ஒரே குடிநீர்க் கிணற்றிலிருந்து அந்த 20,000 லிட்டரை எடுப்பது எளிதல்ல. அந்த அளவை ஊரோடு பேசி முடிவுசெய்ய வேண்டும். ஊர் மறுத்தால் ஆட்களைக் குறைக்க வேண்டும்.

சூழல் கிராமம் பற்றிய பகுதியில்தான் மிகக் கடினமான வேலை இருக்கிறது. கில்மனின் வரையறையை வாசிக்கும்போது நம் பழைய கிராமம் நினைவுக்கு வருவது இயல்பு. சிறியது, தன் தேவைகளைத் தானே நிறைவேற்றிக்கொண்டது, பல நூற்றாண்டுகள் நீடித்தது. ஆனால் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை அரசியலமைப்பின் அலகாக ஏற்க மறுத்தபோது சொன்ன காரணங்களை நாம் கடந்துபோக முடியாது. நீடித்திருப்பது மட்டுமே பெருமையாகாது என்பதை அவர் தெளிவாகச் சொன்னார். நம் கிராமம் ஊராகவும் சேரியாகவும் பிரிந்து நீடித்தது. சுடுகாடும் கிணறும் தெருவும் பிரிந்து நீடித்தன. இதைப் பேசாமல் சூழல் கிராமத்தைத் தமிழ்நாட்டில் கற்பிப்பது, பழைய கிராமத்தைப் புது மண்சுவரில் மறுபடி கட்டுவதாகிவிடும்.

கற்பிக்க வேண்டிய முன்மாதிரிகளும் நம்மிடமே இருக்கின்றன. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில், இளங்கோ ஊராட்சித் தலைவராக இருந்த காலத்தில், தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே நடுச்சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள் கட்டப்பட்டன. 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது: நூறு வீடுகள், அவற்றில் நாற்பது தலித்துகளுக்கு, மற்றவை பிற சாதியினருக்கு, எல்லோருக்கும் பொதுவான சமுதாயக் கூடம். பிறகு மாநிலம் முழுவதும் சமத்துவபுரங்கள் எழுந்தன. யார் யாரோடு வாழ வேண்டும் என்பதை மாற்றியமைக்க முயன்ற குடியிருப்புகள் இவை. சூழல் கிராமப் பாடத்தில் ஆஸ்திரேலியாவும் ஸ்காட்லாந்தும் வருகின்றன. பக்கத்துச் சமத்துவபுரமும் வர வேண்டும். பங்கேற்பாளர்கள் ஒரு நாள் அங்கே போய், இத்தனை ஆண்டுகளில் என்ன நிலைத்தது, என்ன உடைந்தது, தண்ணீர்க் குழாயடியில் என்ன நடக்கிறது, திருமணத்துக்கு யார் யாரை அழைக்கிறார்கள் என்று அந்த மக்களிடம் கேட்டறியட்டும்.

கழிப்பறையைப் பற்றியும் இதே அக்கறையோடு பேச வேண்டும். மனிதக் கழிவை மட்கவைத்து உரமாக்கும் கழிப்பறை பெர்மாகல்ச்சர் பயிலரங்குகளில் தவறாமல் இடம்பெறுவது. தொழில்நுட்பம் நல்லது, முசிறியில் ஸ்கோப் நிறுவனம் அதை மக்கள் புழக்கத்துக்கே கொண்டுவந்து காட்டியிருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் மலம் அள்ளும் வேலை பிறப்பால் சுமத்தப்பட்டது. 2013-ல் அதைத் தடைசெய்து மறுபடியும் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பயிலரங்கின் கழிப்பறைத் தொட்டியை யார் திறப்பது, யார் உரத்தை அள்ளுவது என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்க முடியும்: பயன்படுத்தியவர்களே, முறை வைத்து, பயிற்றுநர் உட்பட. உள்ளூரிலிருந்து ஒரு தூய்மைப் பணியாளரைக் கூலிக்கு அழைத்த நிமிடத்தில் அந்தக் கழிப்பறை சூழலுக்கு உகந்தது என்ற பெயரை இழந்துவிடுகிறது.

பயிலரங்கு முடிந்த பிறகு அந்த ஊரில் என்ன மிஞ்சும் என்பதும் இடத் தேர்விலேயே அடங்கியிருக்கிறது. தனியார் பண்ணையில் நாற்பது பேர் பத்து நாள் உழைத்தால் மிஞ்சுவது அந்த உரிமையாளரின் தோட்டம். கட்டணம் கொடுத்தவர்களே அவருக்குக் கூலியில்லாமல் வேலை செய்து கொடுத்திருப்பார்கள். அதே உழைப்பை வரத்துக் கால்வாயில் செலுத்தினால், பள்ளிக்கூடத்தின் காய்கறித் தோட்டத்தில் செலுத்தினால், நிலமற்றவர்களின் வீட்டுக் கொல்லைகளில் முருங்கையும் பப்பாளியும் வைக்கச் செலுத்தினால், அது ஊருக்குச் சேரும். ஊராட்சியிடம் முறையாக அனுமதி வாங்க வேண்டும். கால்வாயும் கண்மாயும் அரசுக்கு உரியவை என்பதால் நீர்வளத்துறை அலுவலர்களிடமும் பேச வேண்டும். நேரம் பிடிக்கும். அந்த நேரத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

ஆகவே, அடுத்த ஆண்டு இப்படியொரு பயிலரங்கை நடத்த எண்ணியிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பயிற்றுநரை அழைப்பதற்கு முன், அறிவிப்பை அச்சிடுவதற்கு முன், ஒரு மானாவாரி ஊருக்குக் கோடையில் போங்கள். கண்மாய்க்குள் இறங்கி நடங்கள். ஊரின் தெருவிலும் சேரியின் தெருவிலும் உட்கார்ந்து, நாங்கள் இங்கே கூடலாமா, எந்த இடத்தில் கூடினால் நீங்கள் எல்லோரும் வருவீர்கள் என்று கேளுங்கள். ஒரு தெருவினர் காலடி வைக்கத் தயங்கும் கூடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அதை ஒதுக்கிவிட்டு வேறு இடம் தேடுங்கள்.